பெட்பேன் எடுக்கவா அமெரிக்கா வந்தோம்?

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டால் போதும். பொங்கல் விழாவில் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வருவதற்குள் அதன் அம்மாவிடம் அந்தக் கேள்வி வந்துவிடும்: "கிளினிக்கல் ஹவர்ஸ் எவ்வளவு ஆச்சு?" அவர் பதில் சொல்வதற்கு முன்பே யோசனையும் வந்துவிடும். "இந்தச் சம்மருக்கு ஊருக்கு அனுப்பிடுங்க. எங்க மச்சினர் சொந்தமா ஆஸ்பத்திரி வெச்சிருக்கார். தியேட்டருக்குள்ளயே நிக்க வெப்பார், கையில கத்திரியே குடுப்பார். இங்க மாதிரி அந்த ஃபார்ம், இந்த ஃபார்ம்னு இழுத்தடிக்க மாட்டாங்க. ஒரே மாசத்துல இருநூறு மணி நேரம்!" அதே கூட்டத்தில் இன்னொரு அம்மா, தன் மகள் சனி, ஞாயிறுகளில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸிங் அசிஸ்டன்ட்டாக வேலைக்குப் போகிறாள் என்று சொன்னால் யாரும் உடனே வாய் திறக்கமாட்டார்கள். பிறகு ஒருவர், அக்கறையோடுதான், கேட்பார்: "பெட்பேன் எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

டாக்டராக விரும்பும் பிள்ளை என்றால், ஆமாம், அதற்கும்தான். மச்சினர் ஆஸ்பத்திரியின் இருநூறு மணி நேரத்தைவிடப் பராமரிப்பு இல்லத்தின் ஒரே ஓர் இரவு மருத்துவக் கல்லூரிக்குப் பொருத்தமான அனுபவம் என்பது என் கட்சி. கத்திரி பிடித்த பிள்ளையின் அனுபவம் கணக்கில் சேராது என்பதோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. அது தவறான காரியம் என்றும் சொல்லப்போகிறேன்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இங்குள்ள ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவம் என்பது அரிது. நான்கு ஆண்டு பட்டப்படிப்பு, அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது ஏறக்குறைய 23,000 பேருக்கு. கல்லூரி மதிப்பெண்ணும் எம்கேட் தேர்வும் முதல் வடிகட்டி. அவற்றோடு, அம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் பிள்ளை இதுவரை செய்த காரியங்களை 15 பதிவுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குறிகள் இடம். மிக முக்கியம் என்று தானே தேர்ந்தெடுக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. ஒவ்வொரு பதிவுக்கும் மணிக்கணக்கு கேட்பார்கள், வகையும் கேட்பார்கள். சம்பளத்துக்குச் செய்த மருத்துவப் பணி ஒரு வகை. சம்பளமில்லாமல் செய்த மருத்துவத் தொண்டு இன்னொரு வகை. டாக்டரின் பின்னால் நின்று பார்த்தது, அதாவது ஷேடோயிங், தனி வகை. செய்வது வேறு, நின்று பார்ப்பது வேறு என்பது விண்ணப்பப் படிவத்துக்கே தெரிந்திருக்கிறது. நம் விருந்துக் கூட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. நாமெல்லாம் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். 200-க்கு 199.5 வாங்கியவனுக்கு ஒரு கல்லூரி, 198.75 வாங்கியவனுக்கு வேறு கல்லூரி. இப்போது நீட், 720-க்கு. விண்ணப்பிக்கும் பிள்ளை ஒரு நோயாளியையாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதிலும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கமாட்டேன்: மதிப்பெண்ணுக்கு உங்கள் மாமா யாரென்று தெரியாது. இங்கே வந்த நாம் என்ன செய்தோம்? மணி நேரத்தை இன்னொரு கட்-ஆஃபாக மாற்றினோம். அந்தக் கட்-ஆஃபை எட்ட மாமாவைப் பிடித்தோம். இரண்டு ஊர் முறைகளிலும் இருக்கும் கோளாறுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொண்டோம்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். ஷேடோயிங் என்பதை வார்டின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அறைக்குள் வருவார். பின்னால் பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் டாக்டர், அவர் பின்னால் இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு கல்லூரிப் பிள்ளை. டாக்டர் ஸ்கேன் முடிவைச் சொல்வார், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வார், "ஏதாவது கேட்கணுமா?" என்பார். கட்டிலில் இருக்கும் பெரியவர் இல்லை என்று தலையாட்டுவார். கூட்டம் அடுத்த அறைக்குப் போகும். கதவு மூடியதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "இப்ப அவர் என்ன சொன்னார்?" அந்த ஒரு கேள்விக்குள் வைத்தியத்தின் பாதி இருக்கிறது. புரியாமல் தலையாட்டிய மனிதர், புரிந்துவிட்டதென்று நம்பிப் போன டாக்டர், அந்த நம்பிக்கையின் மேல் நாளைக்கு வாங்கப்போகும் கையெழுத்து. கல்லூரிப் பிள்ளை இதில் எதையும் பார்க்கவில்லை. அதற்குள் அது மூன்றாவது அறையில் நிற்கிறது. அதன் நோட்டில் அன்றைக்கு எட்டு மணி நேரம்.

ஷேடோயிங் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் வேலை என்றால் என்னவென்று டெலிவிஷன் தொடர்களிலிருந்து தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அது ஒரு நல்ல மருந்து. டாக்டர் நோயாளியோடு இருக்கும் நேரத்தைவிடக் கணினித் திரையோடு இருக்கும் நேரம் நீளம் என்பதையும், ஒரு மாத்திரைக்கு அனுமதி வாங்க இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டுவதையும் பிள்ளை பார்க்கட்டும். பார்த்த பிறகும் ஆசை மிஞ்சினால் படிக்கட்டும். அதற்கு ஐம்பது மணி நேரம் தாராளம். அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு மணியும் காட்டுவது ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு டாக்டர் வீடுகளில் பழக்கம் உண்டு. அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் கலிஃபோர்னியாப் பெண்ணுக்கு எந்த மச்சினர் கதவைத் திறப்பார்?

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குள் ஒரு கைக்கணக்கு நெடுங்காலமாக உலவுகிறது: நோயாளியின் வாசனை உன் மூக்குக்கு எட்டினால் அது கிளினிக்கல் அனுபவம். முரட்டு அளவுகோல்தான், ஆனால் ஆய்வகத்தில் ரத்தக் குப்பிகளை அடுக்குவதையும் மருத்துவமனைப் பரிசுக் கடையில் பூங்கொத்து விற்பதையும் ஒரே வீச்சில் கழித்துவிடுகிறது. ஆனாலும் அதில் ஓட்டை இருக்கிறது. தியேட்டர் மூலையில் கைகட்டி நிற்பவரும் அதில் தேறிவிடுவார். ஆகவே நான் இன்னொன்றைச் சேர்த்துக் கேட்பேன். அன்றைக்கு நீ வராமல் இருந்திருந்தால் அந்த நோயாளிக்கு ஏதாவது குறைந்திருக்குமா?

இந்தக் கேள்வியோடு இரவு ஷிஃப்ட் நர்ஸிங் அசிஸ்டன்ட்டின் பக்கத்தில் போய் நில்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் வால் எலும்பின் மேல் தோல் சிவக்கும், பிறகு பொத்துக்கொண்டு புண்ணாகும். புண் எலும்புவரை போகும். ஆளைக் கட்டிலிலிருந்து இறக்காமலே விரிப்பை மாற்ற வேண்டும்: ஒருக்களிக்க வைத்து, ஈர விரிப்பை முதுகோரம் வரை சுருட்டி, புதியதை அதை ஒட்டி விரித்து, மேட்டின் மேல் அவரை மெதுவாக மறுபக்கம் புரட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்துச் செருக வேண்டும். அவர் தொண்ணூறு கிலோ இருப்பார். அவருக்கு வலிக்கக்கூடாது, அவர் மானமும் போகக்கூடாது. ஆகவே புரட்டும்போதே போர்வையால் மூடிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போயிற்று என்று மில்லிலிட்டரில் குறிக்க வேண்டும். மறதி நோய் முற்றிய பாட்டி குளிப்பாட்டும்போது கன்னத்தில் அறைந்தால், அறை வாங்கிக்கொண்டே அவர் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்தப் பெட்பேன். அதைக் கொட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாத நாற்றத்தோடு இருந்தால் இரைப்பையிலோ அதற்குச் சற்றுக் கீழோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். அதனால் பயந்து அலறாமல், மூடி வைத்துவிட்டு நர்ஸை அழைத்துக் காட்ட வேண்டும். எண்டோஸ்கோப்பி எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கசிவை முதலில் கண்டவள் பெட்பேன் எடுத்த பெண்ணாகத்தான் பெரும்பாலும் இருப்பாள். மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் ஒரு பிரீ-மெட் பிள்ளைக்கு இதைவிடக் கிளினிக்கலான அனுபவம் என்ன இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

இது ஏதோ கூட்டித் துடைக்கும் வேலை என்றும் நினைக்க வேண்டாம். பராமரிப்பு இல்லங்களில் நடந்த அலங்கோலங்களுக்குப் பிறகு 1987-இல் வந்த மத்தியச் சட்டம் இந்த வேலைக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறை. மாநிலங்கள் இதைக் கூட்டிக்கொள்ளலாம்; கலிஃபோர்னியாவில் 160 மணி நேரம். தேர்வில் தேறியவருக்குச் சான்றிதழ் உண்டு, மாநிலப் பதிவேட்டில் பெயர் உண்டு, தவறு செய்தால் அந்தப் பெயரின் மேல் குற்றம் ஏறும். மச்சினர் கொடுத்த கத்திரிக்கு எந்தப் பதிவேடு?

"சம்பளத்துக்குச் செய்தால் சேவை ஆகுமா? கல்லூரிக்காரர்கள் தொண்டைத்தானே பார்ப்பார்கள்?" என்று இன்னொரு கேள்வி. படிவத்தில் சம்பளப் பணிக்கென்றே தனி வகை இருப்பதை மேலே சொன்னேன். வாரம் இரண்டு மணி நேரம் போர்வை மடித்துக் கொடுக்கும் தொண்டர் இஷ்டமில்லாத நாளில் வராமல் இருந்துகொள்ளலாம். மணிக்கு 20 டாலரைத் தொட்டும் தொடாமலும் வாங்கும் அசிஸ்டன்ட் அப்படி இருக்க முடியாது, வேலை போய்விடும். டாக்டராகப் போகிறவருக்கு எந்தப் பழக்கம் வேண்டும்? வசதி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளால்தான் சம்பளமில்லாமல் நூற்றுக்கணக்கான மணி நேரம் தர முடியும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

யார் தேவை, யார் வேடிக்கை பார்ப்பவர் என்று மருத்துவமனைகளே ஒருமுறை பிரித்துக் காட்டின. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஷேடோயிங் பிள்ளைகளையும் பெரும்பாலான தொண்டர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நர்ஸிங் அசிஸ்டன்ட்டையும் ஆம்புலன்ஸில் போகும் ஈ.எம்.டி.யையும் அனுப்பவில்லை. முகக்கவசம் போதாமல் ஒன்றையே நாள்கணக்கில் போட்டுக்கொண்டு அவர்கள் வேலைக்கு வந்தார்கள். அந்த நாட்களில் ஷேடோயிங் வீடியோ வழியாக நடந்தது, அதற்கும் மணி நேரம் எண்ணினார்கள். நான் சொல்ல வருவதை இதைவிட அழகாக யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

இனி, ஊர்ப் பயணத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம்.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் "போலி டாக்டர் கைது" என்ற தலைப்பு அடிக்கடி வரும். படிக்காமல் ஊசி போட்டவர், பிளஸ் டூ முடித்துவிட்டுக் கிளினிக் வைத்தவர். படித்துவிட்டு நாம் உச்சுக் கொட்டுவோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படியிருக்க, இருபது வயதில், உயிரியல் பட்டப்படிப்பில் பாதி முடித்த ஒரு பிள்ளை நியூ ஜெர்சியிலிருந்து விமானம் ஏறிப் போய், முன்பின் தெரியாத ஒருவரின் தோலில் தையல் போட்டால் அதற்கு மட்டும் கிளினிக்கல் எக்ஸ்பீரியன்ஸ் என்று பெயரா? பாஸ்போர்ட்டின் நிறத்தைத் தவிர இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? போலி டாக்டராவது அதே ஊரில் இருப்பவர்; தையல் பிரிந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

"நோயாளி சம்மதித்தார்" என்பார்கள். எந்த நோயாளி? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு பஸ் மாறி வந்தவர். வெள்ளைக் கோட்டில் யார் வந்தாலும் "டாக்டர் தம்பி" என்று கும்பிடுபவர். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க, "இந்தப் பையன் ஒரு தையல் போடட்டுமா?" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கேட்பதுமில்லை. அதே பிள்ளை இங்கே ஒரு நோயாளியின் கட்டை அவிழ்க்கக்கூட விரல் வைக்க முடியாது. இங்கே சட்டம் காப்பாற்றும் உடம்புக்கும் அங்கே உறவினர் கைகாட்டும் உடம்புக்கும் வலி ஒன்றுதானே?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: உள்நாட்டில் செய்ய உனக்குத் தகுதியில்லாத எதையும் வெளிநாட்டில் செய்யாதே. அப்படிச் செய்ததை விண்ணப்பத்தில் எழுதினால் அது உனக்கே பாதகமாகலாம் என்றும் எச்சரித்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் இப்படிப் பயணம் போகும் மாணவர்களுக்கென்றே நோயாளி பாதுகாப்பு பற்றி இணையவழிப் பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. தேர்வுக்குழுவில் உட்காருபவர்கள் "தையல் போட்டேன்" என்ற வரியைப் படித்து மெய்சிலிர்ப்பார்கள் என்று நினைப்பது நம் அறியாமை. இந்தப் பிள்ளைக்கு எது தன் எல்லை என்று தெரியவில்லை என்றுதான் அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

எல்லை தெரிந்த ஒரு பெண்ணின் கதை நம் திண்டிவனத்திலேயே இருக்கிறது. ஐடா ஸ்கடர் மிஷனரிக் குடும்பத்துப் பெண். தந்தை டாக்டர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர் 1890-இல் தாயின் உடல்நிலை காரணமாகத் திண்டிவனம் வந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள், நீங்கள் வர வேண்டும் என்று கெஞ்சினார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தந்தை வருவார் என்றார் ஐடா. அயல் ஆண் பார்க்கக்கூடாது என்று சொல்லி மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்தக் கதை பல இடங்களில் பக்திப் பரவசத்தோடு சொல்லப்படுகிறது. நான் வேறொன்றுக்காகச் சொல்கிறேன். அன்றிரவு ஐடா எதையும் தொடவில்லை. தொட்டிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், அழைத்தவர்களே அவர்கள்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்யாமல், அமெரிக்கா திரும்பிப் படித்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூர் வந்தார். இன்றைய சி.எம்.சி. அப்படித் தொடங்கியது. மணிக்கணக்கு வைத்துப் பார்த்தால் அந்த இரவின் கிளினிக்கல் அனுபவம் பூஜ்யம்.

கீழ்மட்ட வேலை பார்த்தால் டாக்டராகும் வாய்ப்பு மங்கிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இன்னொரு பெண். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல், மருத்துவமனையில் நோயாளிகளின் வீட்டுக் கவலைகளைக் கவனிக்கும் சமூகப் பணியாளரானார். அப்போதுதான் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதியை, புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தவரை, போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். 1948-இல் டாஸ்மா இறந்தபோது 500 பவுண்டை அவருக்கு விட்டுச் சென்றார். பிறகு சிசிலி, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான இல்லம் ஒன்றில் மாலை நேரங்களில் தொண்டராக வேலை செய்தார். டாக்டரானால்தான் உன் பேச்சைக் கேட்பார்கள் என்று ஓர் அறுவை மருத்துவர் சொல்ல, 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் டாக்டரானார். 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்துதான் இன்றைய ஹாஸ்பிஸ் இயக்கம் வளர்ந்தது. வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதை விட்டு, வலி வருவதற்கு முன்பே வேளை தவறாமல் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது தெரிந்திருக்கும். ரவுண்ட்ஸ் வந்து போனவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் தொண்டர் வேலை பிரீ-மெட் பிள்ளைகளுக்குத் திறந்தே கிடக்கிறது. அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில், நோயாளி கவனிப்பு நேரத்தில் 5 சதவீதத்துக்குச் சமமான வேலையைத் தொண்டர்கள் செய்ய வேண்டும் என்பது விதி. அதனால் அவர்கள் எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மாமா தேவையில்லை. பயிற்சி கொடுப்பார்கள், பிறகு ஒரு வீட்டு முகவரி கொடுப்பார்கள். அங்கே போய், மனைவி கடைக்குப் போய்வரும்வரை, பேச முடியாத ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்கு எதிர்ப்பு பலமாக வரும் என்று தெரியும். சாவு வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவதா என்பார்கள். டாக்டர் வேலைக்கு அனுப்பப் போகிறீர்களே, அம்மா!

மறுபக்கமும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் கிளினிக்கல் என்று எழுதிவிடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் இன்ஷூரன்ஸ் அட்டையை நகலெடுத்தது, எலிகளுக்கு ஊசி போட்டது, ரத்ததான முகாமில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தது. இவை நல்ல காரியங்களாக இருக்கலாம். அவற்றுக்கென்று வேறு வகைகள் படிவத்தில் இருக்கின்றன. டாக்டர் பேசப் பேசக் கணினியில் குறிப்பெழுதும் ஸ்கிரைப் வேலை இரண்டுங்கெட்டான். நோயாளியைத் தொடுவதில்லை, தேவைப்படுவது டாக்டருக்குத்தான். ஆனாலும் நான் அதைச் சேர்த்துக்கொள்வேன். நூற்றுக்கணக்கான நோயாளிகள் தங்கள் கதையை எங்கே தொடங்குகிறார்கள், டாக்டர் எங்கே குறுக்கிடுகிறார் என்று கேட்டு எழுதியவரின் காது வேறு மாதிரி ஆகிவிடும். ஆம்புலன்ஸ் வேலையும் அப்படித்தான். சைரன் சத்தத்தை எதிர்பார்த்துப் போகும் பிள்ளை, தனியார் ஆம்புலன்ஸில் பாதி நாள் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டுக்கும் மையத்துக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அலுப்பான வேலை. ஒரே ஆளை வாரம் மூன்று முறை பார்த்து, இன்றைக்கு அவர் முகம் வீங்கியிருக்கிறதே என்று கவனிக்கப் பழகும் வேலையும் அதுதான்.

இன்னும் ஒன்று, வீட்டுக்குள் நடப்பது. பக்கவாதம் வந்த பாட்டிக்கு மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்து, கழிப்பறைக்கு அழைத்துப் போன பேரன். இதை எழுதலாமா? "சொந்தக்காரங்களுக்குச் செஞ்சது கணக்குல வராது" என்று விண்ணப்பத்துக்கு யோசனை சொல்லும் கன்சல்டன்ட்டுகள் அடித்துச் சொல்கிறார்கள், அதற்கு ஃபீஸும் வாங்குகிறார்கள். மருத்துவப் பணி என்ற வகையில் போட முடியாது என்பது சரி. மேற்பார்வை கிடையாது, சான்று சொல்ல வெளியாள் கிடையாது. எழுதவே கூடாது என்பது பொய். வேறு தலைப்பின் கீழ், நடந்ததை நடந்தபடி எழுதலாம். கட்டுரையில் எழுதலாம். நேர்முகத்தில் சொல்லலாம். தமிழ் தவிர வேறு பாஷை தெரியாத பாட்டிக்கு டாக்டர் சொன்னதை மொழிபெயர்த்து, அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கிய பேரனுக்கு, மருத்துவமனைகள் ஏன் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பது புரிந்திருக்கும். அதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

கடைசியாக வரும் ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது: "நீங்க சொல்றதெல்லாம் சரி, ஆனா அவங்க எண்ணிக்கையைத்தானே பார்க்கறாங்க?" பார்க்கிறார்கள். ஐந்து மணி நேரம் மட்டும் போட்டால் எடுபடாது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. ஆனால் நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர், நீ கவனித்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல் என்பார். தியேட்டரில் நின்ற பிள்ளை பித்தப்பை அறுவையைப் பற்றிச் சொல்லும், சர்ஜனின் கைத்திறனைப் பற்றிச் சொல்லும். அந்தப் பித்தப்பைக்காரருக்கு என்ன வேலை, அவர் எதற்குப் பயந்தார் என்று அடுத்த கேள்வி வந்தால் திருதிருவென்று விழிக்கும். மயக்க மருந்து கொடுத்த பிறகுதானே அவரைப் பார்த்தது. பராமரிப்பு இல்லத்துப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவளை நிறுத்துவதுதான் சிரமம்.

ஜூலைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதென்றால் ரத்து செய்யச் சொல்லமாட்டேன். பிள்ளை போகட்டும், தாத்தா பாட்டியோடு இருக்கட்டும். மச்சினர் ஆஸ்பத்திரிக்கும் போகட்டும்; கையுறை போடாமல், கோட்டு மாட்டாமல், நோயாளியிடம் "நான் டாக்டர் இல்லைங்க, காலேஜ்ல படிக்கிறேன், பக்கத்துல நிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நிற்கட்டும். ஆகஸ்டில் திரும்பி வந்ததும் நர்ஸிங் அசிஸ்டன்ட் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கட்டும். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: வேலைக்கு எடுத்துக்கொண்ட பராமரிப்பு இல்லம் மெடிகேர், மெடிகெய்ட் பணம் வாங்குவதாக இருந்தால் பயிற்சிக் கட்டணத்தைப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது என்று அதே 1987 சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. அங்கே இன்டர்வியூவில் ஜி.பி.ஏ. எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். தீபாவளி வாரக் கடைசியில் இரவு ஷிஃப்ட்டுக்கு வர முடியுமா என்று கேட்பார்கள்.